மயில் கழுத்தில் பாசி

வசந்தகுமாரிக்குக் காலையிலிருந்து வயிறு எரிந்துகொண்டிருந்தது. காரணம் மிளகாய் பஜ்ஜி அல்ல, கார்த்திகேசன்.

காட்டுப்பாக்கத்தில் கார்த்திகேசன் நடத்தும் துப்பறியும் நிறுவனத்தில் ஏ.சி. உண்டு. வரவேற்பில் ஒரு பெண் உண்டு. பூந்தமல்லி போகும் பஸ்களின் முதுகில், கைகளைக் கட்டிக்கொண்டு ஊரை முறைக்கும் அவன் படமும் உண்டு. வசந்தகுமாரியின் அலுவலகமோ அம்பத்தூர் ஓ.டி.யில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த காலத்திலேயே பக்கத்து வீட்டு சைக்கிள் திருடனைப் பிடித்துக் கொடுத்தவள். இத்தனை வருடத் தொழிலில் பஸ்ஸின் முதுகை விடுங்கள், ஒரு ஷேர் ஆட்டோவின் கதவில்கூட அவள் படம் ஏறவில்லை.

"அவனுக்கு மூளை கிடையாது செங்கல். கேமராவை வச்சுப் பொழப்பு நடத்தறான்," என்றாள்.

"நம்மகிட்ட கேமராவும் கெடையாதே மேடம்," என்றான் செங்கல்வராயன், பஜ்ஜியைப் பேப்பரில் ஒற்றி எண்ணெய் எடுத்தபடி. பாடி ஊர்க்காரன். லாரி கிளீனராக இருந்து, வாய்த்துடுக்கால் மூன்று லாரிகளிலிருந்து இறக்கிவிடப்பட்டு, கடைசியில் வசந்தகுமாரிக்கு உதவியாளனாக வந்து சேர்ந்தவன். "மூளை கீதா இல்லியான்னு பஸ்ஸு பின்னாடி தெரியாது மேடம். மூஞ்சி கீதான்னுதான் தெரியும். அது அந்தாளுக்குக் கீது."

அவள் திட்ட வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. வந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். அழுது சிவந்த கண்கள். விரல் நகங்களின் ஓரத்தில் நீலச் சாயம்.

"வசந்தகுமாரி மேடம் நீங்கதானே? என் பேரு ஜீவா. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல பட்டுத் துணிக்குச் சாயம் போடற கம்பெனில வேலை பாக்கறேன். இன்னிக்கு சாயந்திரம் மொதலாளி என்னை போலீஸ்ல குடுக்கப் போறாரு. போலீஸ்னு ஆயிட்டா அப்பறம் எஸ்டேட்டுல ஒருத்தரும் என்னைச் சாயத் தொட்டிகிட்ட சேர்க்க மாட்டாங்க மேடம். எனக்கு வேற வேலை தெரியாது."

"என்ன பண்ணீங்க?"

ஜீவா உட்காரவில்லை. "வேணும்னேதான் பண்ணேன். ஆனா அவங்க சொல்றத நான் பண்ணலை."

செங்கல் பஜ்ஜியைக் கீழே வைத்தான். "மேடம், பாதி கேஸ் முடிஞ்சிச்சு. எந்தப் பாதின்னுதான் தெரியல."

ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தபின் ஜீவா விஷயத்துக்கு வந்தாள். அந்தக் கம்பெனியில் சாயத்துக்கு மாஸ்டர் யுவராணி. ஜீவா அவளுக்கு அடுத்த இடம். ஒரு கல்யாண வீட்டார், தங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நிறத்தில் பட்டு கேட்டிருந்தார்கள். மயில் கழுத்து நிறம். வெளிச்சத்தில் நீலம், மடிப்பில் பச்சை. ஜீவா எத்தனையோ முறை முக்கிப் பார்த்தும் வராத நிறம், யுவராணிக்கு முதல் முக்கிலேயே வந்துவிட்டது. கல்யாண வீட்டு அம்மாள் அந்தத் துண்டுத் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். யுவராணியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"அந்த போட்டோவை எடுத்துக் குடுத்ததே நான்தான் மேடம்," என்றாள் ஜீவா. "சிரிங்கக்கா, சிரிங்கக்கான்னு சொல்லிக்கிட்டே எடுத்தேன். உள்ள பத்திக்கிட்டு எரியுது. முந்தாநேத்து அக்கா தொட்டியில பட்டை முக்கிட்டு, ஃபோன் வந்துச்சுன்னு வெளிய போனாங்க. பக்கத்துல சலவைச் சோடா கரைச்ச தண்ணி இருந்துச்சு. ஒரு மக்கு மொண்டு ஊத்திட்டேன். கலரு ஒரு பொட்டு மங்கட்டும், மொதலாளி அவங்களை ஒரு வார்த்தை கேக்கட்டும், அவ்ளோதான் நெனச்சேன்."

"மங்கிச்சா?"

"மங்கலை. பாசி புடிச்ச கொளம் மாதிரி ஆயிடிச்சு. அத்தனை பட்டும்."

"நீங்கதான்னு யாரு கண்டுபிடிச்சது?"

"மொதலாளி ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாரு. கார்த்திகேசன்னு பேரு. ஷெட்டுல இருந்த கேமராவைப் போட்டுப் பாத்து, காபி ஆறறதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டாரு."

வசந்தகுமாரி எழுந்து நின்றாள். "இந்தக் கேஸை நாம எடுத்துக்கறோம்."

"மேடம், அந்தப் பொண்ணு இன்னும் கேக்கவே இல்ல," என்றான் செங்கல்.

"நீ சும்மா இரு. ஜீவா, ஊத்தினேன்னு நீங்களே சொல்றீங்க. கெட்டதுன்னும் சொல்றீங்க. அப்பறம் எப்படி நீங்க பண்ணலை?"

"தொட்டியில பஃபர் இருக்கும் மேடம். பஃபர் இருந்தா ஒரு மக்கு சோடாவுக்கெல்லாம் அசையாது. சொன்னா, தப்பிக்கப் பாக்கறேன்னு சிரிக்கறாங்க. ராத்திரியெல்லாம் யோசிச்சு யோசிச்சு, எனக்கே நான்தான் கெடுத்துட்டேனோன்னு வந்துடிச்சு."

"இன்னாது அது, பஃபரு?" என்றான் செங்கல்.

ஜீவா விளக்கினாள். பட்டுக்குப் போடும் சாயம் புளிப்புத் தண்ணீரில்தான் பட்டைப் பிடிக்கும். புளிப்பு குறைந்தால் நீலம் பாதி தண்ணீரிலேயே நின்றுவிடும், மஞ்சள் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும், நிறம் தாறுமாறாகிவிடும். ஆனால் பட்டின் பசையை எடுக்க அதை முதலில் சோடாவில் கொதிக்கவைத்தாக வேண்டும். எத்தனை அலசினாலும் கொஞ்சம் சோடா துணியோடு ஒட்டிக்கொண்டு தொட்டிக்கு வரும். அதற்காகத்தான் பஃபர். வினிகர் வாசனை அடிக்கும் ஒரு கரைசல். தொட்டியில் சோடா வந்தால் அதை விழுங்கிவிடும், அமிலம் வந்தாலும் விழுங்கிவிடும், தண்ணீரின் புளிப்பை இருந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கும்.

"இவ்ளோதானா? அது எங்க ஊட்லயே கீது," என்றான் செங்கல். "எங்க நைனா. எங்கம்மா ஒண்ணு சொல்லும், எம் பொண்டாட்டி ஒண்ணு சொல்லும். ரெண்டையும் வாங்கி முழுங்கிகினு டீ குடிக்கப் பூடுவாரு. ஊடு அமைதியா இருக்கும். அவரு ஊர்ல இல்லாத அன்னிக்குத்தான் பாத்திரம் பறக்கும்."

வசந்தகுமாரி அவனையே பார்த்தாள். "திரும்பச் சொல்லு."

"பாத்திரம் பறக்கும்."

"அதுக்கு முன்னாடி."

"நைனா ஊர்ல இல்லாத அன்னிக்கு…"

"ஸ்கூட்டர் சாவியை எடு," என்றாள் வசந்தகுமாரி.

கம்பெனி எஸ்டேட்டின் பின்தெருவில் இருந்தது. முதலாளி தட்சிணாமூர்த்தி நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய பிடிவாதமும் இருந்தது. கல்யாண வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஜீவா வாசலோடு நிற்க வேண்டும், மற்ற இரண்டு பேரும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார்.

"பாருங்கம்மா. வீடியோவே இருக்கு, அதுக்கு மேல என்ன பாக்கப் போறீங்க? கார்த்திகேசன் சாரும் இப்ப வந்துடுவாரு," என்றார். பிறகு ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் நின்ற மனிதனைக் காட்டினார். "இவரு ஸ்டோரைப் பாத்துக்கறாரு. யுவராணியோட வீட்டுக்காரர்."

அந்த மனிதன் கைகூப்பினான். "பேரு சரவணக்குமார் மேடம். அதை யாரும் சொல்றதில்ல," என்று சிரித்தான்.

"பஃபர் கலக்கறது யாரு?"

"நான்தான். காலைல ஒரு கேன்ல கலந்து வச்சுடுவேன். மாஸ்டர் கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போவாங்க."

"மாஸ்டர்னா உங்க சம்சாரம்?"

"இங்க மாஸ்டர்தான் மேடம்," என்றான் சரவணக்குமார். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

முந்தாநாள் கேன் எங்கே என்று கேட்டாள். அன்றைக்கே கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது என்றான். தொட்டித் தண்ணீரும் சாக்கடைக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது பாழாய்ப்போன பட்டு மட்டும்தான். மூலையில் குவிந்து கிடந்த அதை வசந்தகுமாரி தொட்டுப் பார்த்தாள். அதைக் கட்டிக்கொண்டு எந்தப் பெண்ணும் கல்யாணத்துக்குப் போகமாட்டாள். தவளைதான் போகும்.

ஷெட்டுக்குப் பின்னால், பட்டைச் சோடாவில் கொதிக்கவைக்கும் இடத்தில் தாயம்மா நின்றுகொண்டிருந்தாள். நூம்பலிலிருந்து வருகிறவள். முன்பு நாற்று நட்ட கை இப்போது பட்டை அலசுகிறது. செங்கல்வராயன் உதவுகிறேன் பேர்வழி என்று அண்டாவிலிருந்து ஒரு துணியைத் தூக்கிக் கொடுத்தான். கொடுத்ததும் கையை உதறினான்.

"இன்னாம்மா இது, வெளக்கெண்ணெய் பூசின மாதிரி வழுக்குது!"

"சோடா கை அப்டித்தான் இருக்கும் அண்ணாத்தே. கொழாத் தண்ணில லேசுல போவாது. அந்த பக்கெட்டுல வுடு."

குழாயடியில் ஒரு பழைய பெயிண்ட் வாளி இருந்தது. செங்கல் கையை விட்டான். எடுத்தான். விரல்களைத் தேய்த்துப் பார்த்தான். வழுவழுப்பு போன இடம் தெரியவில்லை. வாளியிலிருந்து வினிகர் வாசனை அடித்தது.

"இது என்ன தாயம்மா?" என்றாள் வசந்தகுமாரி.

"கேன்ல மிச்சம் நிக்கும் பாருங்க, பஃபரு. அத இதுல ஊத்திடுவாங்க. சோடா புடிச்ச கை அத்தினியும் இதுலதான் கழுவுவோம். காலைல ஊத்துனா பொழுது சாயற வரைக்கும் எல்லாருக்கும் தாங்கும்." தாயம்மா உதட்டைப் பிதுக்கினாள். "முந்தாநேத்துதான் ஒண்ணுத்துக்கும் ஒதவல. மொத ஆளா நான் கைய வுட்டேன், எனக்குப் போச்சு. அடுத்த ஆளுக்கே வழுக்கல் போவல. மாஸ்டரம்மாகூட கைய வுட்டுட்டு, இன்னாடி இது வெறுந்தண்ணியான்னு திட்டிச்சு. அன்னிக்கு ராசியே சரியில்ல. ஸ்டோரு தம்பிதான் கெட்டிக்காரரு, காலைலயே ஒரு சோப்பு வாங்கியாந்து வச்சிருந்தாரு."

செங்கல் இன்னொரு முறை கையை நனைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தான். வசந்தகுமாரி அவன் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"போதும் வா. தாயம்மா, சோடாவுல கொதிச்சு ரெண்டு தண்ணி அலசின பட்டு ரெண்டு துண்டு வேணும். கூடவே கொஞ்சம் மஞ்சத்தூள் யார்கிட்டயாவது கிடைக்குமா?"

"மஞ்சத்தூளா? ஆருக்கு கண்ணாலம்?"

"ஒருத்தருக்கு ஆரத்தி எடுக்கணும்."

முதலாளி அறையில் கார்த்திகேசன் சோபாவில் சாய்ந்திருந்தான். மடியில் லேப்டாப். நேரில் பார்த்தால் பஸ்ஸின் முதுகில் இருப்பதைவிடக் கொஞ்சம் குள்ளம். அந்த ஒரு விஷயத்தில் வசந்தகுமாரிக்கு நிம்மதி. யுவராணி ஜன்னலோரம் நின்றாள். உயரமான பெண், நாற்பதைத் தொடாத வயது, முழங்கை வரை நீலம். சரவணக்குமார் கதவருகே நின்றான். வசந்தகுமாரி கேட்டுக்கொண்டதால் ஜீவாவையும் உள்ளே விட்டிருந்தார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கார்த்திகேசன் வீடியோவை ஓட்டினான். ஜீவா மக்கைத் தூக்குகிறாள். மெதுவாக ஊற்றுகிறாள். கையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். முடிவில் டமார் என்று ஒரு மேளச் சத்தம்.

"மீஜிக் யாரு சார்?" என்றான் செங்கல். "நல்லா கீது."

"ஊத்தினது ஜீவாதான்," என்றாள் வசந்தகுமாரி. "அதுல எனக்குச் சந்தேகமே இல்லை."

"அப்பறம் எதுக்கு மேடம் இவ்வளவு தூரம்?" கார்த்திகேசன் அனுதாபத்தோடு சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே அவனை நாலு கேஸில் தோற்கடிக்கலாம்.

"ஊத்தினதால கெடலைன்னு சொல்லத்தான்."

மேஜையில் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை வைத்தாள். ஒன்றில் அன்றைய கேனிலிருந்து எடுத்த பஃபர். இன்னொன்றில் குழாய்த் தண்ணீரில் சில சொட்டு ஆசிட். யுவராணியிடமே புளிப்பு அளக்கும் சோதனைப் பேப்பரை வாங்கி இரண்டிலும் நனைத்தாள். இரண்டு பேப்பரும் ஒரே நிறம் காட்டின.

"எவ்வளவு?"

"ரெண்டும் அஞ்சு," என்றாள் யுவராணி. "சரியா இருக்கு."

"முந்தாநேத்தும் தொட்டியில இப்படித்தான் பாத்தீங்க, இல்லையா?"

"ஆமா. பட்டை முக்கறதுக்கு முன்னாடி பாத்தேன். அஞ்சு காட்டிச்சு. அப்பறம் பாக்கத் தேவையில்லை. பஃபர் போட்டா அது நிக்கும்."

வசந்தகுமாரி இரண்டு தம்ளரிலும் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைக் கலக்கினாள். இரண்டும் மஞ்சளாகவே நின்றன. தாயம்மா கொடுத்த ஈரப் பட்டில் ஒரு துண்டை ஆசிட் தம்ளரில் போட்டு ஸ்பூனால் கலக்கினாள். ஓரத்தில் ஒரு சிவப்புக் கீற்று எழுந்தது. அது பரவியது. கொஞ்ச நேரத்தில் தம்ளர் முழுக்க ஆரத்தித் தட்டின் நிறம்.

"துணியில ஒட்டிக்கிட்டு வந்த சோடாதான் சார் இது. மக்கை நான் தொடவே இல்லை, பாத்துக்குங்க." இன்னொரு துண்டைப் பஃபர் தம்ளரில் போட்டாள். கூடவே ஒரு ஸ்பூன் சோடாத் தண்ணீரையும் ஊற்றினாள். லேசாக நுரைத்தது, அடங்கியது. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. "இதுதான் பஃபர். மொதல்ல ரெண்டுமே அஞ்சுதான். தாக்குப் பிடிக்கறதுலதான் வித்தியாசம். அன்னிக்கு ஜீவா கையைக் கட்டிக்கிட்டு நின்னிருந்தாலும் பட்டு கெட்டுத்தான் போயிருக்கும். ஏன்னா கேன்ல பஃபரே இல்லை."

"கேன் கழுவியாச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் கார்த்திகேசன்.

"கேனைக் கழுவிட்டாங்க. ஆனா அந்தக் கேன்ல மிச்சம் இருந்ததுல எத்தனை பேரு கை கழுவினாங்கன்னு நீங்க கேக்கலை." வாளியின் கதையைச் சொன்னாள். தட்சிணாமூர்த்தி வாயைத் திறந்தபடி கேட்டார். தன் கம்பெனியில் இப்படி ஒரு வாளி இருப்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். "யாரோ பஃபரை எடுத்துட்டு, பேப்பர் அஞ்சு காட்டற அளவுக்கு மட்டும் ஆசிட் கலந்து வச்சிருக்காங்க. மாஸ்டர் ஒரு தடவைதான் பேப்பர் வைப்பாங்கன்னு தெரிஞ்ச ஆளு."

"மேடம்! புடிச்சிட்டேன்!" செங்கல் துள்ளினான். "இந்தம்மாவேதான்! ஜீவா காண்டுல கீதுன்னு தெரிஞ்சுகினு, அத்த மாட்டி வுடறதுக்கு சொந்தத் தொட்டியையே காலி பண்ணிக்கிச்சு!"

"நானும் அந்தக் கோணத்துலதான் யோசிச்சிட்டிருந்தேன்," என்றான் கார்த்திகேசன் அவசரமாக.

ஜீவா தலையை நிமிர்த்தினாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது நிரபராதியின் சந்தோஷம் மட்டும் இல்லை. யுவராணி விழப்போகிறாள் என்கிற சந்தோஷமும் அதில் கலந்திருந்தது. வசந்தகுமாரி அதைப் பார்த்தாள். கார்த்திகேசனின் லேப்டாப் பழுதாகிவிடாதா என்று வீடியோ ஓடும்போது தான் நினைத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஜீவாமேல் அவளால் கோபப்பட முடியவில்லை.

"இல்ல," என்றாள். "யுவராணி அன்னிக்கு அந்த வாளியில கையை விட்டிருக்காங்க. வழுக்கல் போகலைன்னு திட்டியும் இருக்காங்க. அதுல பஃபர் இல்லைன்னு தெரிஞ்சவங்க ஏன் கையை விடப் போறாங்க? அன்னிக்குக் கையே விடாத ஆளு ஒருத்தர்தான். எல்லா நாளும் அந்த வாளியிலேயே கழுவினவரு, அன்னிக்கு மட்டும் புதுசா ஒரு சோப்பு வாங்கிட்டு வந்திருக்காரு. அதுவும் காலையிலேயே, பட்டு தொட்டியில எறங்கறதுக்கு முன்னாடியே. சோப்புக்குத் தேவை வரும்னு அவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

யுவராணி மெதுவாகத் திரும்பினாள்.

"என்னங்க," என்றாள். "அந்த பச்சை சோப்பு?"

சரவணக்குமார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். மறுப்பான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு சோப்பு வாங்கியது குற்றமா என்று கேட்டிருந்தால் வசந்தகுமாரியிடம் அதற்குமேல் சாட்சி கிடையாது. ஆனால் மனைவி கேட்டபின் அவனால் அதைச் சொல்ல முடியவில்லை.

"நான்தான் உன்னை இங்க வேலைக்குக் கூட்டிட்டு வந்தேன்," என்றான். "ஞாபகம் இருக்கா? டப்பா தொடைக்கற வேலை. கலர்ப் பேரெல்லாம் நான்தான் உனக்குச் சொல்லிக்குடுத்தேன். இன்னிக்கு ஒரு கிலோ சோடா எடுக்கணும்னாலும் உன் கையெழுத்து இருந்தாத்தான் நான் எடுக்கணும். வீட்டுக்கு யாரு வந்தாலும் மாஸ்டர் இருக்காங்களான்னுதான் கேக்கறாங்க. அன்னிக்கு அந்தம்மா போட்டோ எடுக்க நின்னப்ப நானும் உன் பக்கத்துல வந்து நின்னேன். அண்ணா, கொஞ்சம் தள்ளிக்குங்கன்னு சொன்னா இவ." ஜீவாவைக் காட்டினான். "நீ சிரிச்சுக்கிட்டு நின்ன. தள்ள வேணாம், இருக்கட்டும்னு நீ ஒரு வார்த்தை சொல்லலை."

"அதுக்காகவா?"

"ஒரே ஒரு தடவை உனக்குத் தப்பாப் போகணும். நீ வீட்டுக்கு வந்து அழணும். நான் பரவால்லைன்னு சொல்லணும். அவ்ளோதான் யுவராணி. இவ மாட்டுவான்னு நான் நெனைக்கலை."

"மாட்டினப்பறம் வாயைத் திறந்திருக்கலாமே," என்றாள் வசந்தகுமாரி.

கார்த்திகேசன் சத்தமில்லாமல் லேப்டாப்பை மூடினான். இந்த நிமிஷத்துக்காகத்தான் வசந்தகுமாரி காலையிலிருந்து வயிறு எரிந்தாள். வந்தபோது அது இனிக்கவில்லை. எதிரில் ஒரு பெண் தன் புருஷனைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, பஸ்ஸின் முதுகில் யார் படம் இருந்தால் என்ன?

தட்சிணாமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். "போலீஸெல்லாம் வேணாம். கல்யாண வீட்டுக்கு நான் பேசிக்கறேன், வேற பட்டு எடுத்து முக்கிக் குடுத்துடலாம். ஆனா இவங்க ரெண்டு பேரையும் இனிமே நான் உள்ள விட முடியாது. ஒருத்தர் செஞ்சாரு. ஒருத்தி செய்யப் பாத்தா. என்னம்மா சொல்ற யுவராணி? கெட்டது உன் தொட்டி. நீயே சொல்லு."

ஜீவா கதவை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள். போலீஸ் போய்விட்டது. வேலை போகப்போகிறது. அதையும் யுவராணி வாயால் கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்று நின்றாள்.

"ஜீவா இருக்கட்டும் சார்," என்றாள் யுவராணி.

"ஏம்மா?"

"அவ பொறாமைப்பட்டது என் கலரைப் பாத்து. இவரு பொறாமைப்பட்டது என்னைப் பாத்து." அவள் குரல் உடையவில்லை, உடையக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "அந்தக் கலரை நாளைக்கே அவளுக்குக் கத்துக்குடுத்துடுவேன். அதோட அவளுக்கு எரிச்சல் தீந்துடும். இவருக்கு நான் எதைக் கத்துக்குடுக்கறது?"

கணவன் முன்னால் போய்க் கையை நீட்டினாள். சரவணக்குமார் ஸ்டோர் சாவியை எடுத்து அந்த நீலக் கையில் வைத்தான். ஏதோ சொல்ல வந்தான். அவள் அதற்குள் திரும்பிவிட்டாள்.

"வா ஜீவா. தொட்டியைத் தேய்ச்சுக் கழுவு. இன்னிக்கே புதுப் பட்டை முக்கணும்."

ஜீவா அழுதுகொண்டே கையை நீட்டினாள், சாவியை வாங்கிக்கொள்ள. யுவராணி அதைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பஃபரை மட்டும் இனிமே நானே கலந்துக்கறேன்," என்றாள்.